நாக்சோஸ் கடற்கரையில் ஓய்வு விடுமுறை: விசா விண்ணப்பம் முதல் திரும்பும் கப்பல் வரை

கிரேக்கத் தீவு என்றதும் பலருக்கும் சாந்தோரினியின் வெள்ளைச் சுவர்களும் நீலக் குவிமாடங்களுமே நினைவுக்கு வருகின்றன. படம் எடுக்க அது அருமையான ஊர்தான். காலையில் கடலில் இறங்கி, மதியம் நிழலில் உறங்கி, மாலையில் மறுபடி கடலில் இறங்கும் விடுமுறைக்கு அது ஏற்ற இடமில்லை. அங்கே பெயர்பெற்ற ஊர்கள் செங்குத்தான எரிமலைப் பாறையின் உச்சியில் இருக்க, கடற்கரைகளோ தீவின் மறுபக்கத்தில் கறுப்பு மணலாகக் கிடக்கின்றன. அத்தகைய ஓய்வை நாடுவோருக்கு நான் சொல்வது நாக்சோஸ். சிக்லாடீஸ் தீவுக் கூட்டத்திலேயே பெரிய தீவு அது. ஆயிரம் மீட்டர் உயரமுள்ள மலையும், உருளைக்கிழங்கு விளையும் வயல்களும், மாட்டுப் பண்ணைகளும் அங்கே உண்டு என்பதால் சுற்றுலாவை மட்டுமே நம்பி வாழும் தீவுகளைவிடச் சாப்பாட்டு விலை குறைவு. மேற்குக் கரையில் வெளிர்மணல் கடற்கரைகள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன.

இந்தப் பயணத்துக்கான தகவல்கள் தூதரகத் தளம், கப்பல் நிறுவனங்களின் கால அட்டவணை, விடுதிகளின் சிறுஎழுத்து நிபந்தனைகள் என்று சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதற்குள் நான் களைத்துப்போனேன். அந்தச் சிரமம் பிறருக்கு வேண்டாம் என்பதால், செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே தருகிறேன். இந்தியக் கடவுச்சீட்டில் தமிழ்நாட்டிலிருந்து செல்வோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்குக் குறுகிய கால விசா தேவையில்லை. அவர்கள் நான்காம் படியைத் தாண்டிச் செல்லலாம். அறை, உணவு, போக்குவரத்துக் கட்டணங்கள் ஏறத்தாழச் சொல்லப்பட்டவை. முன்பதிவு செய்யும் நாளில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

தீவின் கடற்கரை விடுதிகள் ஆண்டு முழுவதும் இயங்குவதில்லை. கிரேக்க ஈஸ்டரை ஒட்டியோ மே மாதத் தொடக்கத்திலோ திறந்து அக்டோபர் இறுதிக்குள் பெரும்பாலானவை மூடிவிடும். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது என்பதற்காக ஏப்ரலில் போனால் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். கடல்நீரும் நம் உடம்புக்குத் தாங்காத குளிர்ச்சியுடன் இருக்கும். குழந்தைகளோடு செல்பவர்களுக்கு மே கடைசி வாரம் நடைமுறைக்கு ஒத்துவரும். அப்போதும் நீர் சற்றுக் குளிராகவே இருக்கும்; ஆனால் வெயில் இதமானது, அறை வாடகை குறைவு, கூட்டமும் இல்லை. பள்ளிக் கட்டாயம் இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை செப்டம்பர். கோடை முழுவதும் வெயிலில் காய்ந்த கடல் அப்போதுதான் நன்றாக வெதுவெதுப்பாகியிருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்க்கச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மெல்தேமி எனப்படும் வடக்குக் காற்று. ஏஜியன் கடலில் கோடை நடுவில் நாள்கணக்கில் பலமாக வீசும் இந்தக் காற்றினால் கப்பல்கள் தாமதமாகும், சில நாள்களில் துறைமுகத்தை விட்டே கிளம்பாது. மற்றொன்று, ஆகஸ்ட் 15. அன்னை மரியாளின் திருநாளான அன்றைய தினத்தை ஒட்டி நாடே விடுமுறையில் தீவுகளுக்குக் கிளம்புகிறது. நம்மூரில் தீபாவளிக்கு முந்தைய நாள் பேருந்து நிலையம் எப்படி இருக்குமோ அப்படியிருக்கும், ஏதென்ஸை ஒட்டியுள்ள, தீவுக் கப்பல்கள் புறப்படும் பிரேயஸ் துறைமுகம். அறை வாடகையும் ஜூன் மாதத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காகிவிடும்.

2. ஒரே தீவு, ஒரே கடற்கரை

பயண முகவர்கள் தரும் திட்டங்களில் ஒரு வாரத்துக்குள் மூன்று தீவுகள் இருக்கும். ஒவ்வொரு தீவு மாற்றமும் ஏறத்தாழ ஒரு பகலைத் தின்றுவிடுகிறது: காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும், பெட்டிகளோடு துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும், மாலையில் புதிய அறையில் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஓய்வுக்காகப் போகிறீர்கள் என்றால் ஒரே தீவில் ஒரே அறையில் குறைந்தது ஆறு இரவுகள் தங்குங்கள்.

நாக்சோஸில் எந்தக் கடற்கரை என்பது யார் உடன் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அயோஸ் யோர்யோஸ் கடற்கரை துறைமுக ஊரான ஹோராவிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இருக்கிறது. நெடுந்தூரம் வரை ஆழமில்லாத நீர் என்பதால் சிறு குழந்தைகளுக்கும் நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கும் அதுவே நல்லது. அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள அயோஸ் ப்ரோகோபியோஸ் தெளிந்த நீருக்குப் பெயர்பெற்றது. ஆனால் கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் கூடிவிடும் என்பதைக் குழந்தையுள்ளவர்கள் கவனிக்க வேண்டும். அதை அடுத்துள்ள அயியா அன்னாவில் சிறு படகுத்துறையும் உணவகங்களும் கடைகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. வாகனம் எடுக்க விரும்பாதவர்களுக்கு நான் சொல்வது இந்த ஊரைத்தான். அதற்கும் தெற்கே ப்ளாகா, மென்மணல் நிறைந்த நீண்ட கடற்கரை. அதன் தென்கோடியில் ஆடையின்றிக் குளிப்போர் உண்டு. அது அங்கே வழக்கம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். குடும்பத்தோடு செல்பவர்கள் வடக்குப் பகுதியில் அறை எடுத்தால் சங்கடம் இல்லை. மிக்ரி விக்லா காற்றை நம்பிப் பாய்ச்சறுக்கு ஆடுவோருக்கான இடம். சும்மா படுத்திருக்க வருபவர்கள் மீது அந்தக் காற்று மணலை வாரி இறைத்துவிடும்.

3. அறை முன்பதிவு: ரத்து நிபந்தனையும் இரவு வரியும்

அறையை விசாவுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய முன்பதிவையே தேர்ந்தெடுங்கள். பத்து விழுக்காடு குறைவு என்று ஆசைகாட்டும் ‘பணம் திரும்பாது’ வகை முன்பதிவு, விசா முடிவு தெரியாத நிலையில் சூதாட்டம். சிறு சமையலறையோடு கூடிய, ‘ஸ்டுடியோ’ என்று அழைக்கப்படும் அறைகள் இந்தத் தீவில் நிறைய உண்டு. ஜூன், செப்டம்பர் மாதங்களில் இருவர் தங்கும் அறைக்கு இரவுக்கு 70 முதல் 120 யூரோ வரை ஆகும்.

முன்பதிவுத் தளத்தில் காட்டும் தொகையில் பெரும்பாலும் சேராத ஒன்று, தங்கும் இடத்தில் செலுத்த வேண்டிய காலநிலை நெருக்கடித் தாங்குதிறன் கட்டணம். இது ஆளுக்கு இல்லை, அறைக்கு. ஒவ்வோர் இரவுக்கும் கணக்கு. 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களுக்கு ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதிகளில் 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5 யூரோ, நான்கில் 10 யூரோ, ஐந்தில் 15 யூரோ என்று வாங்குகிறார்கள். குறுகிய கால வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கு 8 யூரோ, பெரிய வில்லாக்களுக்கு 15 யூரோ. நான்கு நட்சத்திர விடுதியில் ஒரு வாரம் தங்கினால் 70 யூரோ கூடுதல் செலவு என்பதை அறை விலைகளை ஒப்பிடும்போதே சேர்த்துப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து அழைத்துச் செல்ல வண்டி அனுப்புவார்களா என்றும் முன்பதிவு செய்தவுடன் கேட்டுவிடுங்கள்; கேட்டால் இலவசமாகவே அனுப்பும் விடுதிகள் உண்டு.

4. ஷெங்கன் விசா

இந்தப் பயணத்தில் அதிகம் அலைக்கழிப்பது இந்தப் படிதான். ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு; கிரேக்கமும் அதில் ஒன்று. பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்னதாக விண்ணப்பிக்க முடியாது. பதினைந்து நாள்களுக்கும் குறைவாக இருக்கும்போது விண்ணப்பித்தாலும் பயனில்லை. விதிப்படி பதினைந்து நாள்களில் முடிவு தெரிய வேண்டும் என்றாலும், கூடுதல் ஆய்வு தேவை என்று தூதரகம் கருதினால் 45 நாள்கள் வரை நீட்டிக்கலாம். கோடைப் பருவத்தில் விண்ணப்ப மையங்களில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே பெரும்பாடு என்பதால், பயணத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே உங்கள் விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும் என்று திட்டமிடுங்கள்.

கிரேக்கத் தூதரகம் புது தில்லியில் உள்ளது. விண்ணப்பங்களைப் பெற வெளி நிறுவனம் ஒன்றை நியமித்திருக்கிறது. உங்கள் முகவரிக்கு உரிய மையம் எது என்பதைத் தூதரகத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நுழைந்து பாருங்கள். தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் பல இடைத்தரகர்களுடையவை. நேர ஒதுக்கீட்டை ‘வாங்கித் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் சிக்காதீர்கள். பயணத்தில் வேறு ஷெங்கன் நாடுகளும் உண்டென்றால், அதிக நாள்கள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எளிதாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காகக் கிரேக்க விசா எடுத்து இத்தாலியில் விடுமுறையைக் கழிப்பது அடுத்த விண்ணப்பத்தில் கேள்வியாக வந்து நிற்கும்.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ. ஆறு வயது நிறையாத குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

ஆவணங்களைப் பின்வரும் முறையில் சேர்த்துக்கொண்டால் மையத்தில் தடுமாற வேண்டியிருக்காது. கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதங்களாவது செல்லுபடியாவதாகவும், குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பழைய கடவுச்சீட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். நிழற்படம் 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில், வெளிர் பின்னணியில், ஆறு மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பயண நோக்கத்தையும் நாள்வாரித் திட்டத்தையும் யார் செலவு செய்கிறார்கள் என்பதையும் ஒரே பக்கத்தில் கடிதமாக எழுதுங்கள். அதில் உள்ள தேதிகளும் விமான முன்பதிவு, அறை முன்பதிவு, காப்பீடு, விடுப்புக் கடிதம் ஆகியவற்றில் உள்ள தேதிகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று மேசையில் பரப்பி வைத்துச் சரிபாருங்கள். ஒரே ஓர் இரவு எந்த முன்பதிவிலும் சேராமல் விடுபட்டிருந்தால் அதைக் கண்டுபிடித்துக் கேட்பார்கள்.

வருமானச் சான்றாகச் சம்பளச் சீட்டுகள், வருமான வரிக் கணக்கு, வங்கி முத்திரையுடன் கூடிய அண்மை மாதங்களின் கணக்கு அறிக்கை ஆகியவை தேவை. வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் விடுப்பு அனுமதிக் கடிதத்தையும், சொந்தத் தொழில் செய்பவர்கள் ஜிஎஸ்டி பதிவையும் நிறுவனப் பதிவுச் சான்றையும் இணைக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் உறவினரிடமிருந்து பெருந்தொகை வாங்கிக் கணக்கில் போட்டுக்காட்டுவது பலர் சொல்லும் ஆலோசனை, அதைக் கேட்காதீர்கள். சம்பளம் வருவதும் செலவாவதும் மிச்சமிருப்பதுமாக இயல்பாக ஓடும் கணக்கே நம்பத் தகுந்தது. குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும், பெற்றோரில் ஒருவர் மட்டும் உடன் செல்கிறார் என்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் அவசியம்.

பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்லுபடியாகுமாறு, தங்கும் நாள்கள் முழுவதையும் உள்ளடக்கி இருக்க வேண்டும். ‘உலகம் முழுவதும்’ என்று மட்டும் குறிப்பிட்டு ஷெங்கன் என்ற சொல்லே இல்லாத சான்றிதழ் கேள்விக்கு இடம் தரும். அந்தச் சொல்லும் தொகையும் இருக்குமாறு கேட்டு வாங்குங்கள். திரும்பும் நாளுக்குப் பின் இரண்டு நாள்கள் கூடுதலாக எடுத்துக்கொள்வதற்குச் சொற்பத் தொகைதான் ஆகும், கப்பல் நின்றுபோனால் அது கைகொடுக்கும்.

விமானத்துக்கு முழுப் பணம் கட்டிய பயணச்சீட்டு தேவையில்லை, முன்பதிவு போதும். விரல்ரேகையை மையத்துக்கு நேரில் சென்று கொடுக்க வேண்டும். 12 வயது நிறையாத குழந்தைகளுக்கு அது இல்லை. 59 மாதங்களுக்குள் ஏற்கெனவே ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்வார்கள்.

கடவுச்சீட்டு திரும்பி வந்ததும் விசா வில்லையில் மூன்று இடங்களைப் படியுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள்கள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம். முப்பது நாள் கால இடைவெளி கொடுத்துவிட்டு அதற்குள் பதினைந்து நாள்கள் மட்டும் தங்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துப் பயணத்தை நீட்டித்தவர்கள் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

5. விமானமும் ஏதென்ஸில் முதல் இரவும்

சென்னையிலிருந்து ஏதென்ஸுக்கு தோஹா, துபாய் போன்ற வளைகுடா நகரங்களில் மாறிச் செல்வது வசதியான வழி. பிராங்பர்ட் அல்லது பாரிஸ் வழியாகச் சென்றால் ஷெங்கன் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். ஆகவே இடைவெளி நேரம் குறைவாக உள்ள பயணச்சீட்டை வாங்க வேண்டாம். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையில், கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்கு மாற்றாக முகப்படம் பதிவு செய்யப்படுகிறது; விசாவுக்குக் கொடுத்த விரல்ரேகையைச் சரிபார்ப்பார்கள். விசா தேவைப்படாத கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்; அவர்களின் விரல்ரேகையையும் பதிவு செய்வார்கள். முதல்முறை பதிவுக்கு நேரம் பிடிக்கும், வரிசையும் நீளும்.

அதனால் விமானம் இறங்கும் அதே நாளில் கப்பலைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. தவறவிட்ட சீட்டுக்குப் பணமும் வராது. முதல் இரவு ஏதென்ஸில் அல்லது பிரேயஸில் தங்குங்கள். விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு எக்ஸ்96 பேருந்து இரவு பகலாக ஓடுகிறது, கட்டணம் 5.50 யூரோ. மெட்ரோவின் மூன்றாம் தடமும் 2022 முதல் பிரேயஸ் வரை நேராகச் செல்கிறது. 9 யூரோ, ஒரு மணி நேரப் பயணம். மெட்ரோவில் கூட்ட நேரத்தில் பைகளைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத் தடத்தில் பிக்பாக்கெட் அடிப்பவர்கள் உண்டு.

6. பிரேயஸிலிருந்து கப்பல்

நாக்சோஸுக்கு இருவகைக் கப்பல்கள் செல்கின்றன. பெரிய கப்பல் ஐந்தரை மணி நேரம் எடுக்கும், கட்டணம் 50 யூரோவை ஒட்டியது. திறந்த மேல்தளம் உண்டு, காற்றிலும் அதிகம் ஆடாது. அதிவேகக் கப்பல் நான்கு மணி நேரத்துக்குள் சென்றுவிடும். ஆனால் கட்டணம் கூடுதல், உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், காற்று பலமானால் குமட்டல் நிச்சயம், கப்பல் ரத்தாவதும் முதலில் இதுதான். பெரிய கப்பலையே எடுங்கள். ஏஜியன் கடலை மேல்தளத்தில் நின்று பார்ப்பது விடுமுறையின் ஒரு பகுதிதானே.

கோடைக்கால அட்டவணை முழுமையாக வெளியாக ஆண்டுத் தொடக்க மாதங்கள் ஆகிவிடும். அதற்கு முன் தேடிப் பார்த்துக் கப்பலே இல்லை என்று கலங்க வேண்டாம். காலை ஏழரை மணியளவில் புறப்படும் கப்பல் வழக்கமாக உண்டு. அதைப் பிடித்தால் மதியத்துக்கெல்லாம் தீவில் இறங்கிவிடலாம். பயணச்சீட்டில் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமின்மையும் பத்து வயது வரை பாதிக் கட்டணமும் பொதுவான வழக்கம். என்றாலும் கைக்குழந்தைக்கும் சீட்டு பதிவு செய்தாக வேண்டும்.

பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். அதன் வாயில்களுக்கு இ1 முதல் இ12 வரை எண்கள் உண்டு. சிக்லாடீஸ் கப்பல்கள் பெரும்பாலும் மெட்ரோ நிலையத்துக்கு எதிரேயுள்ள இ6, இ7 வாயில்களை ஒட்டிப் புறப்படும். வாயில் எண்ணை முந்தைய நாள் சரிபார்த்து, புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே அங்கே இருங்கள். பின்புறச் சாய்தளம் வழியாக வாகனங்களோடு சேர்ந்துதான் பயணிகளும் ஏற வேண்டும். ஏறியவுடன் வலப்புறமும் இடப்புறமும் தீவுகளின் பெயர் எழுதிய பெட்டி அடுக்குகள் இருக்கும்; நாக்சோஸ் என்று எழுதியதில் பெட்டியை வைத்துவிட்டு, கடவுச்சீட்டும் மருந்தும் உள்ள பையை மட்டும் மேலே எடுத்துச் செல்லுங்கள்.

கப்பல் பெரும்பாலும் முதலில் பாரோஸில் நிற்கும். வெள்ளை வீடுகளைப் பார்த்ததும் இறங்கிவிடாதீர்கள். நாக்சோஸ் அறிவிப்பு ஒலித்ததும் உடனே கீழ்த்தளத்துக்குச் சென்று பெட்டியோடு தயாராக நில்லுங்கள். கப்பல் சில நிமிடங்களே நிற்கும், மெதுவாக இறங்குகிறவர்களைச் சாந்தோரினிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

காற்றினால் துறைமுக அதிகாரிகள் பயணத்துக்குத் தடை விதித்தால், வேறு கப்பலில் இடமோ கட்டணமோ திரும்பக் கிடைக்கும். தங்கும் செலவை நிறுவனம் தர வேண்டியதில்லை; ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணிகள் உரிமை விதியிலேயே மோசமான வானிலைக்கு விலக்கு இருக்கிறது. அந்தச் செலவு உங்களுடையது, அல்லது உங்கள் காப்பீட்டினுடையது. ஏதென்ஸிலிருந்து நாக்சோஸுக்குச் சிறு விமானமும் உண்டு, முக்கால் மணி நேரம். ஓடுபாதை குட்டையானது என்பதால் சுழல்விசிறியால் (ப்ரொப்பெல்லர்) இயங்கும் சிறு விமானங்களே வருகின்றன, இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

7. தீவில் இறங்கியதும்

துறைமுகத்தின் அருகிலேயே கேடெல் பேருந்து அலுவலகம் இருக்கிறது. அயோஸ் ப்ரோகோபியோஸ், அயியா அன்னா, ப்ளாகா ஆகிய மூன்றையும் ஒரே தடம் இணைக்கிறது. கட்டணம் சில யூரோக்கள்தான், அடிக்கடி வண்டி உண்டு. ஏறுவதற்கு முன்பே அலுவலகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு, அன்றைய கால அட்டவணையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலை ஊர்களைப் பார்க்க ஒரு நாளோ இரண்டு நாளோ கார் எடுக்கலாம். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் தேவை. அதை ஊரில் இருக்கும்போதே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 4ஏ படிவம் கொடுத்து 1,000 ரூபாய்க்குப் பெற வேண்டும். சில வாடகைக் கடைகள் அதைக் கேட்காமலேயே வண்டி தந்துவிடும். விபத்து நேர்ந்தால் காப்பீடு நிராகரிக்கப்படும் என்பதுதான் அதிலுள்ள பொறி. நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்களைத் தெருவெங்கும் வாடகைக்கு வைத்திருப்பார்கள். பழக்கமில்லாதவர்கள் அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது, அங்கே வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பதால் இன்னும் நல்லது.

அறையில் கழிவறைத் தாளைப் பீங்கானுக்குள் போடக் கூடாது, பக்கத்திலுள்ள கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகலானவை. கோடையில் மாலை மூன்று மணி முதல் ஐந்தரை வரை அமைதி நேரம். குழாய்நீரைக் குடிக்கலாமா என்று விடுதிக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலும் புட்டித் தண்ணீரையே சொல்வார்கள். அரை லிட்டர் புட்டிக்குச் சிறு கடைகளிலும் துறைமுகத்திலும் 50 சென்ட் என்று அரசே விலை வரம்பு வைத்திருக்கிறது.

8. கடற்கரையில் இடம்

குடையும் சாய்வுப் படுக்கையும் வாடகைக்குத் தரும் உணவகங்கள் கரையெங்கும் உண்டு. இரண்டு படுக்கையும் ஒரு குடையும் சேர்ந்த தொகுப்புக்கு நாக்சோஸில் 20 முதல் 40 யூரோ வரை கேட்பார்கள், முன்வரிசைக்குக் கூடுதல். சில இடங்களில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டால் போதும், படுக்கை இலவசம். உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்; உட்கார்ந்தபின் விலைப்பட்டியல் வரும் கடற்கரையில் பேரம் எடுபடாது.

வாடகை கொடுக்காமல் துண்டு விரித்துப் படுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கிரேக்கக் கடற்கரைகள் பொதுச்சொத்து. பக்கத்துத் தீவான பாரோஸில் 2023 கோடையில் உள்ளூர் மக்கள் துண்டுகளோடு போராடியபின், 2024-இல் வந்த சட்டம் கரையின் பாதியாவது படுக்கைகள் இல்லாமல் இருக்க வேண்டும், நீர்விளிம்பிலிருந்து நான்கு மீட்டர் விட வேண்டும் என்கிறது. ஹோராவின் கடைகளில் ஒரு குடையை விலைக்கு வாங்கினால் ஒரு நாள் படுக்கை வாடகையைவிடக் குறைவாகவே ஆகும். மேற்குக் கரையில் பிற்பகல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், குடை இல்லாமல் உட்கார முடியாது. பாறை ஓரங்களில் கடல் முள்ளிகள் இருக்கும். ரப்பர் செருப்பு போட்டு இறங்குங்கள்.

9. சாப்பாடு, குறிப்பாகச் சைவம்

சைவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஈகாந்தெஸ் எனப்படும் பெரிய வெள்ளை மொச்சை, ஃபாவா எனப்படும் பருப்பு மசியல், ப்ரியாம் என்ற காய்கறிக் கலவை, ரெவிதியா என்ற கொண்டைக்கடலைக் குழம்பு, சீமைச் சுரைக்காய் வடை, கீரைப் பொதி ஆகியவை சாதாரண உணவகங்களிலேயே கிடைக்கும். உள்ளூர் உருளைக்கிழங்கு வறுவல் தீவின் பெருமை. ‘நிஸ்தீசிமோ’ என்று கேட்டால் நோன்பு உணவு வரும். அதில் இறைச்சி, பால், முட்டை இராது, ஆனால் கணவாய், இறால் போன்றவை இருக்கக்கூடும். சோறு திணித்த தக்காளியில் சில இடங்களில் கொத்துக்கறி கலப்பார்கள், கேட்டுச் சாப்பிடுங்கள். கண்டிப்பான சைவர்கள் கவனிக்க: நாக்சோஸின் க்ராவியெரா உள்ளிட்ட மரபான பாலாடைக்கட்டிகளை உறைய வைக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துவது வழக்கம்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விலைப்பட்டியலில் மீனுக்குப் போட்டிருப்பது பெரும்பாலும் கிலோ விலை. சமைப்பதற்கு முன் எடை போட்டுக் காட்டச் சொல்லித் தொகையை உறுதி செய்யுங்கள். கேட்காமல் வைக்கும் ரொட்டிக்கும் சிறு தொகை சேர்ப்பார்கள். வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு வேளை உணவுக்கு ஆளுக்கு 15 முதல் 20 யூரோ. கையில் பிடித்துச் சாப்பிடும் சுருட்டு ரொட்டிக்கு 5 யூரோவுக்குள்.

ஊரிலிருந்து எடுத்துச் செல்லும் பொருள்களில் நெய், பன்னீர் போன்ற பால் பொருள்களுக்கும் எல்லா இறைச்சிப் பொருள்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. கறிவேப்பிலையும் மாம்பழமும் கூடாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நல்லெண்ணெய் போதும். அறையில் சமையலறை இருந்தால் தீவின் கடைகளில் அரிசியும் தயிரும் கிடைக்கும். இருமல் மருந்திலோ வலி மாத்திரையிலோ கோடீன் இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் கொண்டு செல்லாதீர்கள். அங்கே அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அவசர உதவிக்கு 112.

10. பணம்

புறப்படும் முன் வங்கிச் செயலியில் உங்கள் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். இந்திய அட்டைகளில் அது மூடப்பட்டே வருகிறது. கடையிலோ ஏடிஎம்மிலோ ‘ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா’ என்று திரை கேட்டால் எப்போதும் யூரோ. கிரேக்கக் கடைகள் அட்டையை ஏற்றாக வேண்டும். 500 யூரோவுக்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாக வாங்கவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஒரு வார அறை வாடகையை ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.

இருவர் ஜூனிலோ செப்டம்பரிலோ தீவில் ஏழு இரவுகளும் ஏதென்ஸில் இரண்டு இரவுகளும் தங்க, மூன்று நட்சத்திர அளவில், சர்வதேச விமானமும் விசாவும் காப்பீடும் நீங்கலாக 1,600 முதல் 1,900 யூரோ வரை ஒதுக்கலாம் என்பது என் கணக்கு. அதில் அறைகள் பாதியையும், சாப்பாடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும், இருவரின் போகவர கப்பல் 200 யூரோவையும் எடுத்துக்கொள்ளும்.

11. திரும்புதல்

கடைசி இரவை ஏதென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். தீவிலிருந்து காலையில் கப்பல் ஏறி அன்று இரவே இந்தியாவுக்கு விமானம் என்ற திட்டம் தாளில் அழகாக இருக்கும். காற்று எழும்பினால் கப்பலும் போய், விமானமும் போய், விசாவின் தங்கும் நாள்களும் தீர்ந்துபோகும். விசாவில் தங்கும் நாள்களை விண்ணப்பத்தின்போதே ஓரிரு நாள் கூடுதலாகத் திட்டமிட்டுக் கேட்பதும் இதற்காகத்தான். அறையைக் காலி செய்தபின் கப்பல் வரும்வரை பெட்டிகளை விடுதியிலேயே வைத்துக்கொள்ள அனுமதிப்பார்கள்; ஹோராவிலும் பெட்டி காப்பகங்கள் உண்டு.

ஊர் திரும்பியதும் விமான ஏற்றச் சீட்டுகள், விடுதி ரசீதுகள், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதியின்படி, மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் செல்லுபடியாகும் பலமுறை நுழைவு விசாவும், அதன்பின் கடவுச்சீட்டில் போதிய காலம் மீதமிருந்தால் ஐந்தாண்டு விசாவும் கிடைக்க வழி இருக்கிறது. அடுத்த விண்ணப்பத்தின்போது, முந்தைய விசாக்களை முறைப்படி பயன்படுத்தினீர்கள் என்று காட்ட அந்தக் கோப்பு உதவும்.